பதிவு எழுத விஷயம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி சுருக்கமாக இது. கேட்பவர் மரச்சாமான்கள் செய்து விற்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அவரோடு சேர்த்து மூன்று பேர். இரண்டு மாதங்கள் நாள் தவறாமல் சமூக ஊடகங்களில் பதிவிட்டிருக்கிறார். பிறகு வேலை நெருக்கியது, எழுதவும் எதுவும் தோன்றவில்லை, நின்றுவிட்டது. "தொடர்ந்து எழுத வேண்டும் என்கிறார்கள், எழுதுவது பயனுள்ளதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது? வெளியாள் யாரிடமாவது கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

சிறு தொழில் செய்பவர்களுக்குப் பல ஆண்டுகளாக எழுதிக் கொடுத்தும், அவர்களையே எழுத வைத்தும் வருகிறேன். இரண்டாவது மாதத்தில் நின்றுபோவதை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். அவர்களில் யாரும் சோம்பேறிகள் இல்லை. விடியற்காலையில் பட்டறையைத் திறந்து இரவு வரை நிற்பவர்கள். அவர்கள் போட்ட அறுபது பதிவுகளையும் வரிசையாக எடுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பொருளின் படம், அதன் கீழே "தரமான தயாரிப்பு, நியாயமான விலை, இன்றே அழையுங்கள்". அடுத்த நாள் இன்னொரு பொருள், அதே வாசகம். இடையிடையே வாழ்த்துப் படங்கள். இருபது பொருட்கள் இருந்தால் இருபது நாட்களில் சரக்கு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க உழைத்து வந்தவருக்கு இரவு பத்து மணிக்கு என்ன யோசனை வரும்?

எழுத வேண்டிய விஷயம் அந்த நேரத்தில் உங்கள் தலைக்குள் இருக்காது. அது பகலிலேயே வந்துபோயிருக்கும். தொலைபேசியில் ஒருவர் கேட்டிருப்பார், நீங்கள் மூன்று நிமிடம் விளக்கியிருப்பீர்கள், அத்தோடு காற்றில் போயிருக்கும். மறுநாள் வேறொருவர் அதையே கேட்பார், நீங்களும் அதையே சொல்வீர்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை வாயால் நீங்கள் விளம்பரம் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அதை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான் குறை.

ஆகவே முதல் வேலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவது. தொலைபேசிக்குப் பக்கத்தில் அது கிடக்கட்டும். யார் எதைக் கேட்டாலும் கேட்டவரின் வார்த்தையிலேயே குறித்துவையுங்கள். "கேட்டவரின் வார்த்தையிலேயே" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தவறுவது இங்கேதான். வாடிக்கையாளர் "அலமாரிக் கதவு சிக்குகிறது" என்பார். நீங்கள் அதை "ஈரப்பதத்தால் மரம் விரிவடைதல்" என்று எழுதிக்கொள்வீர்கள். பிறகு அந்தத் தலைப்பிலேயே கட்டுரையும் போடுவீர்கள். கதவு சிக்கிக்கொண்ட மனிதர் கூகுளில் ஈரப்பதம் என்று தேடமாட்டார், கதவு சிக்குகிறது என்றுதான் தேடுவார். நீங்கள் எழுதியது அவர் கண்ணில் படாது, பட்டாலும் தனக்காக எழுதியது என்று அவருக்குத் தோன்றாது.

இரண்டு வாரம் இப்படிக் குறித்துவந்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் எவை என்பது பளிச்சென்று தெரியும். வாங்குவதற்கு முன் கேட்பவை, வாங்கும்போது தயங்கிக் கேட்பவை, வாங்கிய பின் குறையாகச் சொல்பவை என்று மூன்று வகையும் இருக்கும். மூன்றாவது வகையைப் பெரும்பாலோர் ஒதுக்கிவிடுகிறார்கள். குறையைப் பற்றி நாமே பேசினால் வாங்க வருபவர் பயந்துவிடுவார் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நம்பிக்கை பிறப்பதே அந்த மூன்றாவது வகையில்தான்.

அந்தக் கதவையே எடுத்துக்கொள்வோம். மழைக்காலம் வந்ததும் கதவு இறுகிவிட்டது என்று அழைக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வறண்ட காலத்தில் வெளியே விடும். உறிஞ்சும்போது பலகை அகலவாட்டில் உப்பும், நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. அதனால்தான் கதவு பக்கவாட்டில் உரசுகிறது, உயரத்தில் சிக்கல் வருவது குறைவு. இதற்காகவே நல்ல தச்சர்கள் அகலப் பலகையைச் சட்டத்துக்குள் பசை போட்டு ஒட்டுவதில்லை. சட்டத்தில் காடி, அதாவது நீளமான பள்ளம், எடுத்து, பலகை அதற்குள் விரியவும் சுருங்கவும் சிறிது இடம் விட்டுச் செருகுகிறார்கள். அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு "வேலை சரியில்லையே, ஆடுகிறதே" என்று ஒரு வாடிக்கையாளர் சொல்வார். உண்மையில் வேலை தெரிந்தவன் செய்த கதவு என்பதற்கு அடையாளமே அதுதான். கதவு இறுகியதும் அவசரப்பட்டு இழைக்காதீர்கள், வெயில் காலத்தில் பெரிய சந்து விழுந்துவிடும், கீலின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள் என்று நீங்கள் அறிவுரையும் சொல்வீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குச் சாதாரணம், கேட்பவருக்கோ புதையல். தொலைபேசியில் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதினால் நானூறு சொற்கள் வரும். பட்டறையில் காடியின் அருகே கைப்பேசியை வைத்து, பலகையை விரலால் மெல்ல அசைத்துக் காட்டினால் அரை நிமிடக் காணொளி ஆயிற்று. காடிக்குள் பலகை நிற்கும் இடத்தின் நெருக்கமான படம் ஒரு பதிவு. "இழைப்பதற்கு முன் கீலைப் பாருங்கள்" என்பது தனியாக இன்னொரு பதிவு. அடுத்தமுறை யாராவது வாட்ஸ்அப்பில் இதைக் கேட்டால், வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சேமித்துவைத்த விரைவுப் பதிலாக அந்தக் கட்டுரையின் இணைப்பை அனுப்பலாம். அலமாரியை வீட்டில் இறக்கும்போது கொடுக்கும் அட்டையில் இரண்டு வரியாக அதையே அச்சிடலாம். ஒரே கேள்வியிலிருந்து ஐந்தாறு பதிவுகள் கிடைத்துவிட்டன, ஒன்றுக்குக்கூட நீங்கள் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

இந்த வழி புதியதும் இல்லை. ஜான் டியர் நிறுவனம் 1895இல் உழவர்களுக்காகத் 'தி ஃபரோ' என்ற இதழைத் தொடங்கியது. கலப்பை விற்கும் நிறுவனம் நிலத்தைப் பற்றியும் பயிரைப் பற்றியும் எழுதியது, இன்றுவரை அந்த இதழ் வருகிறது. 1900இல் மிஷ்லின் டயர் நிறுவனம் வாகன ஓட்டிகளுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. அப்போது பிரான்ஸ் முழுவதும் 3,000 கார்கள்கூட இல்லை, ஆனால் அச்சிட்டது கிட்டத்தட்ட 35,000 பிரதிகள். டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், வழியில் பழுது பார்ப்பவர் யார், இரவு எங்கே தங்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. வண்டி ஓட்டுபவன் வழியில் என்னென்ன கேட்பானோ அவற்றுக்கெல்லாம் பதில். வண்டி அதிகம் ஓடினால் டயர் தேயும், தேய்ந்தால் வாங்குவார்கள். கணக்கு அவ்வளவு நேரானது.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளர் ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு எழுதப் போனார். அந்தக் காலத்தில் எல்லா பீர் நிறுவனங்களும் "தூய்மையானது, தூய்மையானது" என்று கூவிக்கொண்டிருந்தன. அவர் ஆலைக்குள் நடந்து பார்த்தார். புட்டிகளை இயந்திரத்தால் கழுவுவதையும், தண்ணீருக்காக ஆழமாகக் கிணறு தோண்டியிருப்பதையும், வடிகட்டும் முறையையும் கண்டு வியந்து, இதையெல்லாம் ஏன் மக்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலைகளும் இதைத்தானே செய்கின்றன என்றார்கள். அவர் அதையே விளம்பரமாக எழுதினார், விற்பனை ஏறியது. எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் யாரும் சொல்லாமல் விட்டது நின்று பேசியது. உங்கள் பட்டறையிலும் அப்படிப் பத்து விஷயங்களாவது இருக்கும். பலகையை எத்தனை நாள் உலர வைக்கிறீர்கள், எந்தப் பலகையை வேண்டாம் என்று ஒதுக்குகிறீர்கள், ஏன் ஒதுக்குகிறீர்கள்? இவற்றைச் சொல்லுங்கள்.

அடுத்து வாசகத்துக்கு வருவோம். "உறுதியான, நீடித்து உழைக்கும் புத்தக அலமாரி" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எவரும் எழுதலாம், படிப்பவர் கண் அதில் நிற்காது. புத்தக அலமாரியில் மக்கள் உண்மையில் பயப்படுவது நடுப்பலகை தொய்ந்துவிடுமோ என்றுதானே? அப்படியானால், "இந்தத் தட்டின் தடிமன் 25 மில்லிமீட்டர். தாங்கிகளுக்கு இடையே 75 சென்டிமீட்டருக்கு மேல் நாங்கள் விடுவதில்லை. புத்தகங்களை நெருக்கி அடுக்கினாலும் நடுவே தொய்வு விழக்கூடாது என்பதற்காக இந்தக் கணக்கு" என்று எழுதிப் பாருங்கள். கூடவே, ஒரே மரத்தில் தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பதையும் சொல்லலாம். படிப்பவர் தன் வீட்டு அலமாரியை எழுந்துபோய்ப் பார்ப்பார். எழுதிய ஒவ்வொரு வரியையும் இப்படிச் சோதியுங்கள்: இதே வரியைப் போட்டியாளர் தன் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அந்த வரியை அடித்துவிடலாம்.

விலையைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று எல்லோரும் தயங்குகிறார்கள். எழுதுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வேலைக்கும் விலை மாறும் என்பது உண்மையே. மாறும் என்றால் எதனால் மாறுகிறது என்பதை எழுதுங்கள். எந்த மரம், எத்தனை இழுப்பறைகள், எந்த வகைக் கீல், மெருகு எத்தனை பூச்சு, இவற்றில் எது விலையை அதிகம் ஏற்றுகிறது, எதைக் குறைத்தால் தரம் கெடாமல் செலவு குறையும்? "விலைக்கு அழையுங்கள்" என்ற வரியைப் பார்த்ததும் நகர்ந்துவிடுபவர் பலர். தனக்குக் கட்டுப்படியாகாதோ என்ற கூச்சம் அவர்களை அழைக்க விடுவதில்லை. அதேபோல, எங்களிடம் வாங்க வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களையும் எழுதுங்கள். அடிக்கடி வீடு மாறுபவருக்குக் கனமான மர அலமாரி பொருந்தாது என்று ஒரு மரப் பட்டறைக்காரரே எழுதினால், அவர் சொல்லும் மற்றவற்றையும் மக்கள் நம்பத் தொடங்குகிறார்கள்.

இனி, தொடர்ந்து எழுதுவது எப்படி என்ற கேள்வி. நான் தொடக்கத்தில் ஒருவருக்கு ஆண்டு முழுவதற்கும் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். வாரம் ஐந்து பதிவுகள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தலைப்பு, வண்ணம் வண்ணமாகக் கட்டங்கள். மூன்றாவது மாதம் அவருக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. அட்டவணை பின்தங்கியது. பின்தங்கியதைப் பார்க்கவே அவருக்கு வருத்தமாகி, கடைசியில் அந்தத் தாளைத் திறப்பதையே விட்டுவிட்டார். தவறு என்னுடையது. அவருடைய நல்ல வாரத்தைப் பார்த்து நான் அளவு வைத்திருந்தேன். மோசமான வாரத்தைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஆள் வரவில்லை, சரக்கு வரவில்லை, வீட்டில் யாருக்கோ காய்ச்சல். அப்படிப்பட்ட வாரத்திலும் உங்களால் எவ்வளவு முடியும்? வாரம் ஒன்று என்றால் ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான் என்றால் அதுவே போதும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கேள்விக்கு முழுமையாகப் பதில் எழுதினால் ஆண்டுக்கு இருபத்தைந்து பதில்கள் சேரும். உங்கள் தொழிலில் வாடிக்கையாளர் கேட்கும் முக்கியமான கேள்விகளில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். நாள்தோறும் போடும் "இன்றே அழையுங்கள்" அறுபதையும் விட அவை நின்று பேசும்.

வேலையைப் பிரித்துச் செய்வது இன்னொரு உதவி. குறிப்பது, படம் எடுப்பது, எழுதுவது, வெளியிடுவது நான்கும் நான்கு விதமான மனநிலையைக் கேட்பவை. நான்கையும் ஒரே இரவில் செய்ய உட்கார்ந்தால் சலிப்புத்தான் வரும். குறிப்பு நாள் முழுக்கத் தானாக நடக்கட்டும். படமும் காணொளியும் அந்த வேலை பட்டறையில் நடக்கும்போதே எடுக்க வேண்டும், ஏனென்றால் காடி எடுக்கும் நிலையில் இருக்கும் சட்டம் நாளைக்கு அப்படி இருக்காது. எழுதுவதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். எழுத வராதவர் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யட்டும். வாடிக்கையாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசிவிட்டு, அதைப் பிறகு எழுத்தாக்கலாம். இப்படிப் பேசி எழுதியவைதான் பெரும்பாலும் இயல்பாக அமைகின்றன. வெளியிடுவதற்கு முன் எப்போதும் நான்கு பதிவுகள் கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேலை குறைவாக உள்ள வாரத்தில் கையிருப்பை நிரப்புங்கள், நெருக்கடி வாரத்தில் அதிலிருந்து எடுங்கள்.

முன்பு போட்டதைத் திரும்பப் போடத் தயங்க வேண்டாம். எழுதியவர் அதைப் பத்து முறை படித்துச் சலித்திருப்பார். உங்களைப் பின்தொடர்பவர்களில் பலர் அதை ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். கதவு சிக்கும் கட்டுரையை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் போடலாம், புதிய படம் ஒன்று சேர்த்தால் போதும்.

எங்கே போடுவது என்பதில் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இல் மூடப்பட்டது. வைன் என்ற குறுங்காணொளிச் செயலி 2017இல் போனது. கூகுள் பிளஸ் 2019இல் பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டது. அங்கே எழுதிக் குவித்தவர்களின் உழைப்பும் சேர்ந்தே போயிற்று. மூடாவிட்டாலும், எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) ஒரு பட்டியலுக்கு 256 பேர் என்ற வரம்பு உண்டு, அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்துவைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். இவற்றையெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் முழுப் பதில் உங்கள் சொந்த இணையதளத்தில் இருக்கட்டும், மற்ற இடங்களில் அதன் துண்டுகள் இருக்கட்டும். ஒப்புதல் கொடுத்த வாடிக்கையாளர்களின் எண்களையும் மின்னஞ்சல்களையும் தனியாகச் சேர்த்துவாருங்கள். ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் அனுப்பக் கூடாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேசிப் பதிவு செய்ததை எழுத்தாக்கவும், நீண்டதைச் சுருக்கவும், எழுத்துப் பிழை பார்க்கவும் அவை நல்ல துணை. "மரச்சாமான் பராமரிப்புப் பற்றிக் கட்டுரை எழுது" என்று மட்டும் கேட்டால் எல்லாப் பட்டறைக்கும் பொருந்தும் ஒன்றைத்தான் கொடுக்கும். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுபவர்களுக்குக் கூகுள் கொடுக்கும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்ற அளவுகோலையும் சேர்த்தார்கள். எழுதியவர் அதைத் தானே செய்து பார்த்தவரா என்பது அதன் பொருள். உங்கள் பட்டறையில் அந்த அனுபவம் குவிந்து கிடக்கிறது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க விருப்பக்குறிகளை எண்ண வேண்டாம். வாங்க வந்தவரிடம் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு அதே நோட்டில் குறியுங்கள். இணையதளம் இருந்தால் கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் வந்தது என்பதை அது காட்டும், அடுத்து எழுத வேண்டிய கேள்விகளும் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும். எனக்கு மிகவும் நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. வந்தவர் உங்கள் சொற்களிலேயே பேசத் தொடங்குவார். "பலகையை ஒட்டாமல்தானே செருகுவீர்கள்?" என்று அவரே கேட்பார். அந்த வாடிக்கையாளரிடம் பேரம் பேசும் நேரமும் குறைவாக இருக்கும். இதற்குச் சில மாதங்கள் ஆகும். ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

வெளியாளிடம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். படத்தைச் சீராக்குவது, காணொளியை வெட்டுவது, நேரம் பார்த்து வெளியிடுவது, எழுத்தைத் திருத்துவது எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். கேள்வியும் பதிலும் மட்டும் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். வாரத்துக்கு அரை மணி நேரம் அவரைப் பட்டறைக்கே வரச் சொல்லுங்கள், நோட்டைப் பிரித்து வைத்து இரண்டு கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லுங்கள், அவர் பதிவு செய்துகொள்ளட்டும். நேரில் வர முடியாது, பொருட்களின் படங்களை மட்டும் அனுப்புங்கள், மாதம் முப்பது பதிவுகள் தருகிறேன் என்று சொல்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த முப்பது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும், இரண்டு மாதம் நீங்களே போட்டுப் பார்த்தவைதான் அவை.